உழவு நின்ற நிலமும் திரும்பி வரும் காடும்

(பெருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கும், அங்கிருந்து பூவிருந்தவல்லிக்கும் செல்பவர் வழியில் எதிர்ப்படும் ஊர்ப்பெயர்களைச் சற்று நின்று படித்தால் ஒரு பழைய நில வரலாறு புலப்படும். திருமுல்லைவாயில் முல்லைக் கொடியின் பெயரைத் தாங்கியது. தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக் கொடிகள் பின்னித் தடுத்தன என்பது அத்தலத்தின் வரலாறு. திருவேற்காடு வேல மரங்கள் நிறைந்த காடு. மாங்காடு மாமரங்களின் காடு. பூவிருந்தவல்லிக்கு அருகில் காட்டுப்பாக்கம் என்றே ஓர் ஊர் உண்டு. திருநின்றவூரைக் கடந்தால் வேப்பம்பட்டு. இன்னும் மேற்கே சென்றால் ஆலமரக் காட்டின் பெயர் கொண்ட திருவாலங்காடு. இன்று இவ்வூர்களில் அடுக்குமாடிகளும் தொழிற்கூடங்களும் நிற்கின்றன. பெயர்கள் மட்டும் காட்டை மறக்கவில்லை.

காடு அழிந்து ஊரானது எவ்வாறு என்பது பலரும் அறிந்த செய்தி. ஊரின் ஓரத்தில், உழவு நின்ற நிலத்தில் காடு மீண்டும் முளைக்க முயல்வது அவ்வளவாகக் கவனிக்கப்படாத செய்தி. அம்முயற்சியைப் பற்றியும், அதன்பால் இல்லறத்தார்க்கு உரிய கடமையைப் பற்றியும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

காடு கழனியாகி, கழனி மனையாதல்

ஏரிகளை நம்பி வாழ்ந்த நிலம் இது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, எல்லாவற்றினும் பெரிதாகிய செம்பரம்பாக்கம் ஏரி எனத் தொடர்ந்து கிடந்த நீர்நிலைகளின் கீழே நஞ்சையும், மேட்டில் புஞ்சையும், இரண்டுக்கும் இடையே மேய்ச்சல் நிலமும் இருந்தன. வரப்புகளில் பனையும், கிணற்று மேட்டில் வேம்பும் பூவரசும் நின்றன.

நாடு விடுதலை பெற்றபின் இப்பகுதியின் போக்கு மாறியது. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று.

இவ்வளர்ச்சியில் ஒரு கழனி மனையாக மாறுவது ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் ஏரிக்கால்வாயின் தலைப்பகுதியில் எவரோ ஒருவரின் கட்டடம் எழுகின்றது. கடைமடைக்கு நீர் வருவது நிற்கின்றது. உழவர் ஓராண்டு மானாவாரியாக முயன்று பார்க்கின்றார். அடுத்த ஆண்டு ஏர் கட்டுவதில்லை. ஆட்கூலியும் இடுபொருள் விலையும் ஏற, விளைச்சல் கூலிக்கே போதவில்லை. பின்னர்த் தரகர் வருகின்றார். நிலம் கைமாறுகின்றது. எல்லைக்கற்கள் நடப்படுகின்றன. மனைகளை வாங்கியோர் தொலைவில் வாழ்கின்றனர். பிள்ளைகளின் எதிர்காலத்திற்கென வாங்கி வைத்தவர்கள் அவர்கள். வீடு எழும்புவதற்குப் பத்து ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ ஆகின்றன.

வருவாய்த் துறை இத்தகைய நிலங்களைத் தரிசு என்று குறிக்கின்றது. ஓராண்டு உழாதிருப்பின் நடப்புத் தரிசு. ஐந்தாண்டுவரை உழாதிருப்பின் மற்றத் தரிசு. அதற்கும் மேற்பட்டால் சாகுபடிக்கேற்ற தரிசு. தமிழ்நாட்டில் 1970களில் 60 இலட்சம் எக்டேரை ஒட்டியிருந்த நிகரச் சாகுபடிப் பரப்பு இன்று 50 இலட்சத்திற்கும் கீழே வந்துவிட்டது. ஒவ்வொரு எக்டேருக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் இழப்பு உண்டு. முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. செங்குன்றத்தை அடுத்த புழலில் அப்பெருமானின் ஆலயத்தை வழிபடுவோர்க்கு, உழவு நிற்பது மகிழ்ச்சிக்குரியதாகாது. உழக்கூடிய நிலத்தில் உழவு தொடர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உழவு நின்றுவிட்ட பிறகு, வீடு எழும்புவதற்கு முன், அந்த இடைக்காலத்தில் நிலத்திற்கு நேர்வது என்ன?

தரிசில் நடைபெறுவது

உழவு நின்ற முதல் மழையில் கோரையும் அருகும் எழுகின்றன. நெருஞ்சி படர்கின்றது, துத்தி தலைதூக்குகின்றது. அடுத்துக் கொழிஞ்சியும் ஆவாரையும் எருக்கும் வருகின்றன. இவற்றைக் களை என்று ஒதுக்குவது வழக்கம். ஆனால் கொழிஞ்சியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. அதனாலேயே பழைய உழவர்கள் கொழிஞ்சியைத் தழையுரமாக மிதித்தார்கள். பல தலைமுறைகளாகச் சேறு கலக்கி நடவு செய்த நஞ்சையில், மேல் மண்ணுக்குக் கீழே ஒரு கெட்டியான தளம் இறுகிக் கிடக்கும். எருக்கு போன்றவற்றின் ஆணிவேர்கள் அதைத் துளைக்கின்றன. கரையான்கள் காய்ந்த தண்டுகளை மண்ணாக்குகின்றன. மழைநீர் உள்ளிறங்க வழி பிறக்கின்றது.

மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு அளவில் முட்புதர்கள் தோன்றுகின்றன. களா, சூரை, காரை, சிற்றீச்சம் ஆகியவை ஆடுகளுக்கு எளிதில் இடங்கொடாதவை. அவற்றின் முள்வேலிக்குள் வேப்பங்கன்று பாதுகாப்பாக வளர்கின்றது. வேப்பங்கன்று அங்கே வந்தது எவ்வாறு? வேம்பின் விதை நெடுநாள் உயிர்த்திருப்பதன்று; சில வாரங்கள் கழிந்தாலே முளைப்புத் திறன் வேகமாகக் குறையும். எனவே எப்போதோ விழுந்து மண்ணில் உறங்கிக் கிடந்த விதை அதுவன்று. அந்தக் கோடையில் பழம் தின்ற குயிலோ மைனாவோ கொண்டைக்குருவியோ பழந்தின்னி வௌவாலோ கொண்டுவந்து இட்டதே. பறவை உட்கார ஓர் இடம் வேண்டும். வரப்பில் தனித்து நிற்கும் பனை அவ்விடமாகின்றது. பனையின் அடியில் முதலில் வேம்பும், அதன் பின் நாவலும் முளைத்திருப்பதையும், மட்டையிடுக்கில் ஆலோ அரசோ வேர்விட்டிருப்பதையும் இப்புறநகரில் இன்றும் காணலாம். ஒரு பனையை வெட்டாது விட்டால் அதைச் சுற்றி ஒரு தோப்பு உருவாகக் கூடும்.

இவ்வாறு தொடங்கும் வளர்ச்சி இடையூறின்றி நீடித்தால் எங்கே சென்று முடியும்? சோழமண்டலக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய ஒரு காட்டு வகை உண்டு. தாவரவியலார் அதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிட, மீதி மாதங்கள் வறண்டிருக்கும் நிலத்தில், இலையை முழுதும் உதிர்க்காது பசுமையாகவே நிற்கும் குறுமரக் காடு அது. பாலை, வீரை, கருங்காலி, காயா, காட்டு எலுமிச்சை, மகிழம், நாவல், அழிஞ்சில் ஆகியவை அதன் மரங்கள். சிறிய, தடித்த இலைகள் வெயிலைத் தாங்குகின்றன. மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் போன்ற தெய்வக் காடுகளில் அது இன்றும் எஞ்சியுள்ளது. சென்னைக்குள்ளேயே கிண்டியில், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் நிலத்தில் அதன் எச்சம் உள்ளது. திருமுல்லைவாயிலையும் திருவேற்காட்டையும் சூழ்ந்திருந்த பழங்காட்டின் உறவினர்கள் இம்மரங்கள்.

நிலம் தன் இயல்பு மாறும் என்பது தமிழ் மரபு அறிந்த உண்மையே. முல்லையும் குறிஞ்சியும் கோடையின் கொடுமையால் தம் இயல்பு இழந்து பாலை வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. கெட்ட நிலம் உரிய காலமும் காவலும் கிடைத்தால் மீண்டும் முல்லையாகும் என்பது அதன் மறுபுறம்.

உலகம் கண்ட சான்றுகள்

இம்மீட்சி வெறும் நம்பிக்கையன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில், உழவோ மேய்ச்சலோ கைவிடப்பட்ட நிலங்களில் எழுந்த காடுகளை ஆராய்ந்த அறிவியலாளர் குழு ஒன்று 2021இல் தன் முடிவுகளை வெளியிட்டது. மண்ணின் வளம் பத்தாண்டுகளுக்குள் பழங்காட்டு மண்ணின் நிலையை ஏறத்தாழ எட்டிவிடுகின்றது. காட்டின் அமைப்பும் மரவகைகளின் எண்ணிக்கையும் 25 முதல் 60 ஆண்டுகளில் மீள்கின்றன. மரங்களின் மொத்த எடையும், எந்தெந்த மரங்கள் இருந்தனவோ அதே மரங்கள் திரும்புவதும் 120 ஆண்டுகளுக்கும் மேல் ஆகின்றன. பல கூறுகளையும் சேர்த்துப் பார்த்தால் 20 ஆண்டுகளில் பழங்காட்டின் 78 விழுக்காட்டு நிலையை இளங்காடு எய்துகின்றது.

கோஸ்டா ரிகா நாட்டின் குவானகாஸ்டே பகுதி, சென்னையைப் போலவே நீண்ட வறட்சிக்காலம் உடையது. அங்கே காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கி, ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த ஒரு புல்லை விதைத்திருந்தனர். ஆண்டுதோறும் அப்புல் தீப்பற்றி எரிய, மரக்கன்று ஒன்றும் தலையெடுக்க இயலவில்லை. 1980களில் டேனியல் ஜான்சன் என்னும் உயிரியலாளரும் அவருடன் உழைத்தோரும் முதன்மையாகச் செய்த பணி தீயைத் தடுத்ததே. தீ நின்றதும், காற்றும் பறவையும் விலங்கும் விதை கொணர்ந்தன, காடு திரும்பியது. அதே பகுதியில் 1990களில் பழச்சாறு ஆலையின் ஆரஞ்சுக் கழிவு சுமார் 12,000 டன், 3 எக்டேர் அளவுள்ள பாழ்நிலத்தில் கொட்டப்பட்டது. கழிவு புல்லை மூடி அழித்து, மக்கி உரமாயிற்று. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சென்று பார்த்தோர் அவ்விடத்தை அடையாளங்காண இயலாத அளவு மரங்கள் அடர்ந்திருந்தன.

போர்ட்டோ ரிக்கோ தீவில் 1940களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த காடு, மக்கள் கரும்பையும் காப்பியையும் விட்டு ஆலை வேலைக்குச் சென்றபின், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் பாதிப் பரப்பைக் கடந்தது. தொழிற்பேட்டை வந்ததால் கழனி தரிசானது அங்கும் நிகழ்ந்தது. ஆனால் அங்கே தரிசு காடாகும்வரை விட்டுவைக்கப்பட்டது.

தமிழகத்து எல்லையிலேயே ஒரு சான்று உண்டு. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அது செம்மண் அரித்து ஓடைகள் பிளந்த மேடு. ஆங்காங்கே பனைகளும் மானாவாரிப் பயிரும் தவிர நிழலில்லை. அங்குக் குடியேறியோர் முதலில் மழைநீர் ஓடாதபடி வரப்புகள் கட்டினர். கால்நடை புகாதபடி வேலியிட்டனர். கடும் வெயிலைத் தாங்கும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டனர். அவற்றின் நிழலில் உள்நாட்டு மரங்களை வளர்த்தனர். 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயலில் அயல் வேல மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. அதற்குள் அடியில் வளர்ந்திருந்த மண்ணின் மரங்கள் இடத்தை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தன. 2016 டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலிலும் பெரிதும் வீழ்ந்தவை தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை போன்ற அயல் மரங்களே என்பதை இப்புறநகர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மேற்குப் புறநகரின் தடைகள்

இச்சான்றுகளைக் கண்டு, தரிசை அப்படியே விட்டால் காடு தானே வந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. காடு விரைந்து மீள இரண்டு நிபந்தனைகள் உண்டு: நிலம் அளவுக்கு மீறிக் கெட்டிருக்கக் கூடாது, விதை தரும் பழங்காடு அருகில் இருக்க வேண்டும். மேற்குப் புறநகரில் இரண்டுமே குறைவு. பல இடங்களில் மேல்மண் சுரண்டி எடுக்கப்பட்டுக் கட்டட இடிபாடு கொட்டப்பட்டுள்ளது. பாலையும் வீரையும் தரக்கூடிய காடு பறவை பறக்கும் தொலைவில் இல்லை. ஆகவே வேம்பும் பனையும் தாமே வரும்; பிற மரங்களை மனிதர் கொணர்ந்து நட்டாலன்றி வாரா.

மற்றொரு தடை சீமைக் கருவேலம். 1877 அளவில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், பிற்காலத்தில் விறகுக்கென ஊக்குவிக்கப்பட்டு எங்கும் பரவியது. ஆடும் மாடும் அதன் இனிய நெற்றுகளைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகளாக மீண்டும் துளிர்க்கின்றது. ஏரியின் உள்வாயில் இது அடர்ந்தால் நீர் தேங்குமிடம் குறையும். அங்கிருந்து அதை அகற்றுவதே முறை. தமிழக அரசும் 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டுள்ளது. ஆயினும் மேட்டுத் தரிசில் அதனை ஒரே நாளில் பொக்லைன் எந்திரம் கொண்டு பெயர்த்தெறிவதால், அதன் நிழலில் தப்பி நின்ற வேப்பங்கன்றும் களாவும் சேர்ந்தே அழிகின்றன. கிளறப்பட்ட மண்ணில் முதலில் முளைப்பதும் பெரும்பாலும் அதே சீமைக் கருவேலமாகவே இருக்கும். கீழ்க்கிளைகளைக் கழித்து ஒளிக்கு வழிவிட்டு, இடையிடையே மண்ணின் மரங்களை நட்டு, அவை தலையெடுக்குந்தோறும் சிறிது சிறிதாக அதை நீக்குவதே உயிரிழப்பைக் குறைக்கும் வழியாகும்.

மூன்றாவது தடை மனிதரின் அச்சம். காலி மனையில் புதர் வளர்ந்தால் பாம்பு வரும், கொசு வரும், குப்பை சேரும் என்பர் அண்டை வீட்டார். அவ்வச்சத்தைப் புறக்கணிக்கலாகாது. குழந்தைகள் நடமாடும் தெரு அது. ஆனால் அதன்பொருட்டுச் செய்யப்படுவது என்ன? ஆண்டுக்கொரு முறை எந்திரம் வந்து மனை முழுவதையும் மழிக்கின்றது. காய்ந்த குவியலுக்குத் தீ வைக்கப்படுகின்றது. தீயில் எலியும் ஓணானும் மண்புழுவும், புற்றில் உள்ள கரையானும், ஆள்காட்டிக் குருவியின் தரைக்கூட்டு முட்டையும் வேகின்றன. வேம்பு வேகின்றது, எரிந்த நிலத்தில் கோரையும் சீமைக் கருவேலமும் மீண்டும் வருகின்றன. அடுத்த ஆண்டு அதே செலவு, அதே தீ.

இல்லறத்தார் கடமை

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை தமிழ்நாட்டில் தொன்மையானது. தொல்காப்பியத்தின் மரபியல், புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர்களாக வகுத்துள்ளது. சமண மெய்ப்பொருளியலும் நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களை ஓரறிவின என்றே கூறும். மழைக்காலத்தில் துறவியர் ஊர்தோறும் செல்லாது ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாச நெறிக்கும் இதுவே காரணம்: அக்காலத்தில் நிலமெங்கும் முளைகளும் சிற்றுயிர்களும் பரவியிருக்கும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் மதுரைக்குச் செல்லும் வழியின் அருமையைச் சொல்லும்போது, வரப்பில் ஊரும் நத்தையும் நண்டும் காலடியில் நசுங்கக் கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்கின்றார். கழனி வரப்பை அவ்வளவு கூர்ந்து நோக்கிய மரபு இது.

இல்லறத்தார் துறவியர் போல் ஒழுக இயலாது. உழுதாலும் வீடு கட்டினாலும் உயிர்க்கேடு நேரும். அதனை அறிந்தே ஆன்றோர், தொழிலால் நேரும் இம்சையையும் இல்வாழ்க்கையால் நேரும் இம்சையையும், வேண்டுமென்றே செய்யும் இம்சையிலிருந்து பிரித்துக் காட்டினர். உழவனின் ஏர் முதல் வகை. வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவது இரண்டாம் வகை. விளைச்சலும் இல்லாது வீடும் கட்டாது, வாங்கிப் போட்ட மனையை ஆண்டுதோறும் மழித்து எரிப்பது இவற்றுள் எதில் அடங்கும்?

இவ்வினாவுக்கு விடை இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களிலேயே உள்ளது. பயனில்லாத தீங்கை விலக்கும் அனர்த்ததண்ட விரதி அவற்றுள் ஒன்று. காஞ்சியோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விரித்துரைக்கின்றார். காரணமின்றி நிலத்தை அகழ்தலும், தீ மூட்டுதலும், செடிகொடிகளை வெட்டுதலும் அவ்விரதத்திற்கு மாறான சோர்வொழுக்கம் என்கின்றார். கோடரி, மண்வெட்டி, தீ முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தலையும் அதே வரிசையில் வைக்கின்றார். எந்திரத்தை வாடகைக்கு அமர்த்தித் தொலைபேசியில் ஆணையிட்டுவிட்டுத் தான் அங்கே செல்லாதிருப்பவர், தம் கையால் ஒரு செடியையும் வெட்டவில்லை என்று அமைதி கொள்ள இந்நெறி இடந்தரவில்லை.

அப்படியானால் வீடு கட்டப் போகும் மனையில் காடு வளர்ப்பதால் என்ன பயன், ஒருநாள் அதை வெட்டத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே கூறிய ஆய்வு இதற்கு விடை தருகின்றது. முதல் பத்தாண்டுகளில் மீள்வது மண். அந்த மண் மழைநீரை உள்வாங்கும். செம்பரம்பாக்கம் நிரம்பி 2015 டிசம்பரில் அடையாற்றில் பெருவெள்ளம் பாய்ந்ததைக் கண்ட மக்களுக்கு, நீரை உறிஞ்சும் ஒவ்வொரு கிரவுண்டின் மதிப்பும் தெரியும். அந்தப் பத்தாண்டில் பழுக்கும் வேம்பும் களாவும் நாவலும் பறவைகளை ஊட்டி, அடுத்த தரிசுக்கும் ஏரிக்கரைக்கும் விதை அனுப்பிவிடும். மனையின் எல்லையோரத்தில் நிற்கும் மரங்கள் வீடு கட்டிய பின்னும் நிற்கலாம். எனவே இடைக்காலம் வீண்காலம் ஆகாது.

செய்யத்தக்கவை

இவ்வாண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே தொடங்கத்தக்க சில செயல்கள் உண்டு. தரிசு மனை உடையோர், முதலாவதாக, அங்குத் தீ மூட்டுவதில்லை என்று உறுதி கொள்ளலாம். தெருவையும் அண்டைச் சுவரையும் ஒட்டி நான்கைந்து அடி அகலத்திற்கு மட்டும் கையரிவாளால் புல்லை அறுத்து வைத்தால் அண்டையாரின் அச்சம் பெரும்பாலும் தணியும். அறுத்த தழையை எரியாது, உள்ளே மரங்களின் அடியில் பரப்பினால் அது மண்ணாகும். கொசு வளர்வது பெரும்பாலும் புதரிலன்று, தேங்கிய நீரிலும் கொட்டிய குப்பையிலுமே என்பதால், அவற்றை அகற்றுவதில் முதற்கண் கருத்துச் செலுத்த வேண்டும்.

அடுத்ததாக, நிற்கும் பனையையும் வேம்பையும் விட்டுவைக்கலாம். மனையின் சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்பு ஒன்று கட்டினால் மழைநீர் தங்கும். புரட்டாசி, ஐப்பசியில் மகிழம், நாவல், அழிஞ்சில், பாலை, காட்டு எலுமிச்சை, கொன்றை ஆகியவற்றுள் கிடைப்பவற்றின் கன்றுகளை நடலாம். முதல் மூன்று ஆண்டுகள் ஆடு புகாதபடி முள்வேலி போதும். கோடையில் சிறிது நீர் வேண்டும். அதன்பின் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.

தனியொருவரின் ஒரு மனை சிறிது. ஆனால் அறக்கட்டளைகளுக்கும் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் இப்பகுதியில் பெரிய வளாகங்கள் உண்டு. அவ்வளாகங்களின் ஒரு மூலையை, ஐந்து சென்ட் ஆயினும், உழாத, எரிக்காத, மழிக்காத இடமாக ஒதுக்கலாம். தெய்வக் காடுகளில் பழமரங்கள் இன்றுவரை தப்பி நிற்பது, அங்கே கிளை ஒடிப்பதில்லை என்று ஊர் கூடி ஒரு கட்டுப்பாட்டை ஏற்றதால்தான். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காட்டுப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்த முனைகின்றது. காப்புக்காடுகளில் மட்டும் அதை எட்ட இயலாது. தரிசுகளும் வளாகங்களும் சேர வேண்டும்.

சென்னை அடையாற்றங்கரையில் குப்பையும் இடிபாடும் நிறைந்திருந்த 58 ஏக்கர் நிலம் மண்ணின் மரங்களால் மீட்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரில் திறக்கப்பட்டது. மரங்களை ஓரறிவுயிர் என வகுத்த நூலின் பெயர் அந்நிலத்திற்கு வாய்த்தது பொருத்தமே. அத்தகைய பெருமுயற்சி எல்லோர்க்கும் இயல்வதன்று. தீக்குச்சியை எடுக்காதிருத்தலும், எந்திரத்தை அழைக்காதிருத்தலும் எல்லோர்க்கும் இயலும். பயனற்ற தீங்கை விலக்குவதே விரதமாக வகுக்கப்பட்ட நெறியில், ஒன்றும் செய்யாதிருத்தலும் சில வேளைகளில் அறமாகின்றது.

வேற்காடும் மாங்காடும் முல்லைவாயிலும் வெறும் பெயர்களாக மட்டும் எஞ்சிவிடாதிருக்க, இப்பருவமழை பெய்யும்போது ஒவ்வொரு தரிசு மனையிலும் ஒரு வேம்பாவது நிற்கட்டும். எவ்வுயிரும் இன்புற்று வாழ்க. அறம் வளர்க.